மூன்று நாள் நீலச்சட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸ், லைட் பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் விளம்பரக் கம்பெனிகளில் குப்பை கொட்டியிருக்கிறேன். ஒரு நாள்கூட கேமராவைக் கையில் பிடித்ததில்லை. போட்டோகிராபர் வந்து நிற்கிற நேரத்தில் அவர் எதிரில் இருக்க வேண்டியதெல்லாம் இருக்க வேண்டும். அதுதான் என் வேலை. ஆள், பொருள், இடம், அனுமதி, சாப்பாடு, வண்டி. எல்லாம் சரியாக அமைந்தால் அது போட்டோகிராபர் எடுத்த படம். ஒன்று தவறினால் தவறு என்னுடையது. நீங்களும் இந்த வேலைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள், பாவம்.

உங்கள் மேலாளர் போன் செய்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஷூட் திட்டமிடுவது பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார். பட்டியல் போடுவது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் இப்போது உங்கள் போனிலேயே இருக்கிறதாம். நான் வாங்கிய நல்ல பெயர்களைப் பற்றி எழுதவும் அலுப்பாக இருக்கிறது. அவற்றைப் பல மேடைகளில் பேசித் தீர்த்துவிட்டேன். மேடையில் பேசாத ஒன்று இருக்கிறது. அதை எழுதித் தருகிறேன்.

1991. பென்னலூரை ஒட்டி ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய இரும்பு உறுப்புகளை வார்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு ஆர்டர் பிடிக்க வேண்டும், அதற்குப் பளபளவென்று ஒரு புத்தகம் வேண்டும் என்று எங்களிடம் வந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. யாருக்கும் கீழே இல்லாமல் நான் தனியாகப் பார்த்த முதல் வாடிக்கையாளர் அவர்கள். அந்த மிதப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஷூட்டுக்கு இரண்டு வாரம் முன்னால் போட்டோகிராபரோடு இடம் பார்க்கப் போனேன். உலைப் பக்கம் போனதும் அவர் நின்றுவிட்டார். ஒருவர் நீளக் கைப்பிடி வைத்த கரண்டியில் உருகிய இரும்பை ஏந்தி வந்து அச்சுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றுவது என்றால் விரல் தடிமனில் ஒரே தாரை. நடுவில் அறுபடவில்லை, தெறிக்கவில்லை. பக்கத்தில் இன்னும் நான்கு பேர் அதே வேலையைச் செய்தார்கள். அவர்கள் ஊற்றுவது ஊற்றுவதாகத்தான் இருந்தது. அந்த வெளிச்சம் விழுந்த இவருடைய முகத்தில் மட்டும் ஏதோ நல்ல சேதி கேட்டுக்கொண்டிருப்பது போல ஒரு களை. "இதுதான் அட்டைப்படம்" என்றார் போட்டோகிராபர். நான் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஏழுமலை, ஊர் மணிமங்கலம். தொழிற்சாலை கொடுத்திருந்த டோக்கன் எண்ணையும் எழுதினேன்.

நான் திட்டத் தாளை எப்போதும் ஒரே மாதிரிதான் தட்டச்சு செய்வேன். தேதி, மணி, இடம், எதிரே ஆளின் பெயர், டோக்கன் எண். 'ஒரு தொழிலாளி' என்று எழுதினால் அன்றைக்கு யாரோ ஒரு தொழிலாளி வந்து நிற்பார். அதனால் பெயர். தாளின் அடியில் வாடிக்கையாளர் தரப்பில் பொறுப்பானவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் 'நாங்கள் இதைச் சொல்லவேயில்லையே' என்று யாரும் கையை விரிக்கக் கூடாது பாருங்கள். இந்த வழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஷூட்டுக்கு நான்கு நாள் முன்னால் தாளை எடுத்துக்கொண்டு பர்சனல் மேனேஜரிடம் போனேன். ஆள் எடுப்பது, அனுப்புவது எல்லாம் அவர் கையில். பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஏழுமலை பெயரில் நின்றார்.

"இந்த ஆள் பிரேக்ல இருக்கான் மேடம். வேற ஆள் தரேன்."

"பிரேக்னா?"

"டெம்பரவரி ஆளு. கொஞ்ச நாள் வூட்டுல இருக்கட்டும்னு அனுப்பியிருக்கோம். அப்பறம் கூப்பிட்டுக்குவோம்."

உங்களில் பலருக்கு இது புரியாமல் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் ஒருவர் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் அவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதனால் எண்ணிக்கை நெருங்கும்போது தற்காலிகத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். இதற்குப் பெயர்தான் பிரேக். எனக்கு அன்றைக்கு இது அரைகுறையாகத் தெரியும். முழுக்கத் தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

"வேற ஆள் வேண்டாம் சார். அவரை வச்சுத்தான் அட்டையே. அவர் இல்லைனா எங்க போட்டோகிராபர் கேமராவையே எடுக்க மாட்டார்" என்றேன். போட்டோகிராபர் அப்படிச் சொல்லவேயில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.

மேனேஜர் பேனாவை உருட்டினார். நிர்வாக இயக்குநர் இந்தப் புத்தகத்துக்காக எல்லாரையும் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். கடைசியில், "சரி, ஜீப் அனுப்பிக் கூட்டிகினு வரச் சொல்றேன். ஆனா கார்டு அடிக்க முடியாது. அவன் பாட்டுக்கு வரட்டும், போகட்டும்" என்றார். தாளில் கையெழுத்தும் போட்டார், ஷூட்டின் மூன்று நாள் தேதிக்கும் கீழே, பெரிதாக நீட்டி வளைத்து. வருகைக் கார்டு அடிக்காமல் ஒருவர் மூன்று நாள் வேலை பார்த்தால் அந்த மூன்று நாள் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஆள் கிடைத்தாயிற்று.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஏழுமலை ஜீப்பிலிருந்து இறங்கினார். இருபத்தெட்டு வயது இருக்கும். அந்தத் தொழிற்சாலையில் நிரந்தர ஆட்களுக்கு நீலச்சட்டை, தற்காலிக ஆட்களுக்குச் சாம்பல் நிறம். சாம்பல் நிறம் படத்தில் அழுக்காகத் தெரியும் என்றார் போட்டோகிராபர். ஸ்டோரிலிருந்து ஒரு புதிய நீலச்சட்டையை வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் கழுத்துப் பட்டையைச் சரி செய்த விதத்தைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை தோற்றான்.

"இன்னா ஏழுமலை, மூஞ்சில இம்மாம் பெரிய சிரிப்பு" என்று உலைக்காரர் ஒருவர் சீண்டினார்.

"சட்டை வந்துச்சி. பின்னாடியே பர்மனென்ட் ஆர்டரும் வரும்" என்றார் இவர்.

அந்த மூன்று நாளும் அவர் சும்மா நின்று போஸ் கொடுக்கவில்லை, இதைக் கவனியுங்கள். உலை எரிந்தது, இரும்பு உருகியது, அவர் ஊற்றினார். ஊற்றியது உறுப்பாயிற்று, லாரியேறி விற்பனைக்குப் போயிற்று. நாங்கள் நடுவில் புகுந்து படம் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மதியம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நீலச்சட்டைக்குத் தனி வரிசை, முதல் வரிசை. அன்றைக்கு அதில் நின்று சாப்பாடு வாங்கியிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? பொஸ்தகத்து அட்டையில என் மூஞ்ச போட்டுட்டு, என்னைய வேலைய வுட்டு அனுப்ப மாட்டாங்க இல்ல?"

எனக்கு அடுத்த ஷாட் பற்றிய கவலை. நேரமாகிக்கொண்டிருந்தது. "அட்டையே நீங்கதான். உங்களைப் போய் அனுப்புவாங்களா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? ஒன்றுமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் அதை நம்பி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

படங்கள் பிரமாதமாக வந்தன. புத்தகம் அச்சாகி வந்ததும் ஆபீசில் எனக்குக் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் மாலையே ஸ்டோர்க்காரர் வந்து நீலச்சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார் என்பதைப் போட்டோகிராபர்தான் பின்னால் ஒரு நாள் சொன்னார். நான் அப்போது வேனில் விளக்குகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மாதம், நல்ல மழை. மவுண்ட் ரோட்டில் இருந்த எங்கள் ஆபீசுக்கு ஏழுமலை வந்தார். வரவேற்பில் நிற்க வைத்திருந்தார்கள். கையில் அந்தப் புத்தகம், நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். பிரேக் முடிந்து கூப்பிட்டார்கள், சில வாரம் வேலை கொடுத்தார்கள், பிறகு ஒரேயடியாக வரவேண்டாம் என்றுவிட்டார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் அவர் வேலை பார்த்த நாட்களைக் கூட்டிப் பார்த்தார்கள். நானூற்று எண்பதுக்கு மூன்று நாள் குறைந்தது. ஷூட் நடந்த மூன்று நாள்.

"நான் அந்த மூணு நாளும் வந்தேன்னு சொன்னேன் மேடம். கார்டு எங்கன்றாங்க. போட்டோவ காட்டினேன். அது முன்னாடியே எட்த்தது, நீ வேலையில இருந்தப்போன்றாங்க. போட்டோல தேதி இல்லியே. நீங்க ஒரு பேப்பர் வச்சிகினு எங்க பேரெல்லாம் படிப்பீங்களே காலையில, அதுல தேதி இருக்கும் இல்ல? மேனேஜரு சைன் கூட கீதுன்னு நெனைக்கிறேன். அது கெடைச்சா போதும்னு சங்கத்துல சொல்றாங்க."

கிடைத்தால் போதும்தான். அந்தத் தாளின் கார்பன் நகல் அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், என் அலமாரியில், நான் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த ஃபைலில் இருந்தது. எனக்கு அந்த நிமிஷமே தெரியும். "தேடிப் பார்க்கணும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. எங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயமான காரியத்துக்கு முன் அனுமதி கேட்கப் போகிறவர்கள், அனுமதி கிடைக்காது என்று தெரிந்துதான் போகிறார்கள். இதை நான் கற்றுக்கொள்ள நாளாயிற்று.

முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தொழிற்சாலையிலிருந்து போன் வந்திருந்தது. "அந்த ஃபைல் நம்மகிட்ட இல்ல. புரியுதா? அடுத்த வருஷம் அவங்க டி.வி. விளம்பரமும் நமக்குத்தான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஏழுமலை இரண்டு நாள் கழித்து வந்தார். நான்கு நாள் கழித்து மறுபடி வந்தார். மூன்றாவது தடவை நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "கிடைக்கலைங்க. பழைய பேப்பர்லாம் போட்டுட்டாங்க போல" என்றேன்.

அவர் புத்தகத்தை மறுபடி பிளாஸ்டிக் பையில் சுற்றினார். "பரவால்ல மேடம். எம்மாம் பேப்பரு இருக்கும் ஒங்களுக்கு. அத்தினியும் வச்சிகினு இருக்க முடியுமா?" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு! அவர் படியிறங்கிப் போன பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஷூட்டுக்கு வண்டி சொன்னேன். வேலை அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும். அது யாருக்காகவும் நிற்காது, அதுவே பெரிய வசதியாகப் போய்விடும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த அளவுக்கு எனக்குத் திறமை உண்டு.

டிசம்பரில் தொழிற்சாலையிலிருந்து மறுபடி அழைப்பு. அட்டையை மாற்ற வேண்டும், அதே படம், வேறு முகம். புகார் கொடுத்த ஆளின் முகத்தை வாங்குபவர்களுக்கு அனுப்ப அவர்களுக்கு இஷ்டமில்லை. திட்டம் போட்டுத் தரச் சொன்னார்கள். போட்டேன். பர்சனல் மேனேஜர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "இந்த வாட்டி பேர், நம்பரெல்லாம் வேணாம் மேடம். ஆள் ஒண்ணு, ஆள் ரெண்டுன்னு போடுங்க, போதும்" என்றார். அதையும் செய்தேன். பத்து வருஷம் கட்டிக் காத்த வழக்கத்தை ஒரு மத்தியானத்தில் விட்டேன்.

ஷூட் அன்று காலை, உலைக்குப் பக்கத்தில் நின்று எல்லாரையும் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆள் ஒண்ணு' என்பவர் அந்தோணி. பென்னலூர்க்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவரும் தற்காலிகம்தான், அவரும் பிரேக்கில் இருக்கும்போது ஜீப்பில் கூட்டி வரப்பட்டவர்தான். அவர் மேலும் ஒரு நீலச்சட்டை. கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"மேடம், என் பேரு எங்க?"

"பேர் தேவையில்லைங்க. நீங்கதான் முதல் ஆள்."

"இல்ல மேடம். ஏழுமலை சொல்லியனுப்புச்சி. அந்தம்மா எல்லார் பேரும் எழுதுவாங்க, நம்பரோட எழுதுவாங்க, நல்ல அம்மா, ஆனா அவங்க ஆபீசுல பேப்பர தொலைச்சிட்டாங்க, அதனால நீ மொதல்லயே ஒண்ணு கேட்டு வாங்கி வச்சிக்கோன்னு."

போட்டோகிராபர் தயாராகிவிட்டார். இரும்பு உருகிவிட்டது; அது காத்திருக்காது. பர்சனல் மேனேஜர் பத்தடி தள்ளி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்தது கோபமா, வெட்கமா, இரண்டுமா என்று சொல்லத் தெரியவில்லை. தாளில் 'ஆள் ஒண்ணு' என்பதைப் பேனாவால் அடித்தேன். அந்தோணி என்று எழுதினேன். டோக்கன் எண்ணைக் கேட்டு எழுதினேன். தேதி போட்டு, நானே கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். மேனேஜர் பார்த்தார். சொல்ல வேண்டியதை மறுநாள் எங்கள் முதலாளியிடம் சொன்னார். டி.வி. விளம்பரம் வேறு கம்பெனிக்குப் போயிற்று. என் வேலை தப்பியது. ஆனால் அடுத்த மூன்று வருஷம் எனக்குப் பெரிய வாடிக்கையாளர் யாரையும் தரவில்லை. இதைத் தியாகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காரியம் இரண்டு மாதம் தாமதம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஃபைலிலிருந்து பழைய கார்பன் நகலை எடுத்துக்கொண்டு, தாம்பரம் போய் அங்கிருந்து மணிமங்கலத்துக்குப் பஸ் பிடித்தேன். மழை விடவில்லை. வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஏழுமலை வீட்டில்தான் இருந்தார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "மேடம் வந்துகீறாங்க பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். டீ போடப் போனாள்.

நான் தாளை நீட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இங்கிலீஷ்ல கீது மேடம். என் நம்பர் மட்டும் தெரியிது. தோ, இது மேனேஜரு சைன்."

நான் படித்துக் காட்டினேன். தேதி, காலை ஏழு மணி, உலை, ஏழுமலை. அடுத்த நாள் தேதி, அதே. அதற்கடுத்த நாளும் அதே. "இதைச் சங்கத்துல கொடுங்க. நானும் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றேன்.

"போன மாசமே எழுதிக் குடுத்துட்டேன் மேடம். இனிமே எந்தப் பாத்தியதையும் கேக்க மாட்டேன்னு. பேப்பர் இல்லாம கேசு நிக்காது, வர்றத வாங்கிக்கன்னு சங்கத்துலயே சொல்லிட்டாங்க. இப்போ தாம்பரத்துல ஒரு ஒர்க் ஷாப்புல போறேன்."

உள்ளே ஸ்டவ் எரியும் சத்தம் கேட்டது. அவர் இன்னும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மடிப்பு இல்லை, கசங்கல் இல்லை, இரண்டு துளை போட்டு ஃபைலில் கோத்திருந்தது அப்படியே தெரிந்தது. அந்தத் துளைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இது அன்னிக்கே ஒங்ககிட்ட இருந்துச்சா மேடம்?"

கிடைக்காமல் இருந்தது, இப்போதுதான் கிடைத்தது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவர் நம்பியிருப்பார். ஒரு தடவை நம்பியவர்தானே.

"இருந்தது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாளை ஜாக்கிரதையாக என் கையில் திருப்பிக் கொடுத்தார். உள்ளே பார்த்து, "டீ வேணாம், மேடம் கெளம்பறாங்க" என்றார்.

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மழையில் நின்றேன்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். திட்டத் தாளில் யார் பெயரை எழுதினாலும் ஒரு நகலை அந்த ஆளின் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் வந்து கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். கேட்கும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.